ஸ்னோ டேயைப் பிள்ளைகளிடமே விட்டுவிடுங்கள்

எங்கள் பள்ளி மாவட்டத்துத் தமிழ்ப் பெற்றோருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள பெற்றோர்களே,

வணக்கம். போன வாரம் நம் வாட்ஸ்அப் குழுவில் ஒரு மனு சுற்றுக்கு வந்தது. அதில் இரண்டு கோரிக்கைகள். பனிக்காகப் பள்ளி மூடிய நாட்களை, அதாவது ஸ்னோ டேக்களை, எந்தெந்தத் தேதியில் ஈடுகட்டப் போகிறார்கள் என்பதைக் கல்வி ஆண்டின் தொடக்கத்திலேயே அறிவிக்க வேண்டும் என்பது முதல் கோரிக்கை. இனிமேல் பனி கொட்டினால் பள்ளிக்கு விடுமுறையே விடாமல் ஆன்லைனில் வகுப்பு நடத்த வேண்டும், அதற்கு வழிசெய்யும்படி நியூஜெர்சி சட்டத்தை மாற்றச் சொல்லி நம் கல்வி வாரியம் தீர்மானம் போட வேண்டும் என்பது இரண்டாவது. நாற்பது குடும்பங்களுக்கு மேல் கையெழுத்துப் போட்டுவிட்டீர்கள். "உங்க பேரு மட்டும் காணோமே" என்று இரண்டு பேர் எனக்குத் தனியாகச் செய்தி அனுப்பிக் கேட்டார்கள். நாலு வரியில் பதில் சொல்ல எனக்கு வரவில்லை. அதனால்தான் இந்த மடல்.

மனு எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். நம் மாநிலத்தில் பள்ளிகள் ஆண்டுக்கு 180 நாள் நடந்தாக வேண்டும். பனிக்கென்று இரண்டு மூன்று நாளைக் கூடுதலாக நாட்காட்டியில் ஒதுக்கி வைப்பார்கள். அதற்கு மேல் போனால் வசந்த கால விடுமுறையில் கை வைப்பார்கள், இல்லையென்றால் ஜூன் மாதம் நீளும். நாமோ ஜனவரியிலேயே ஊருக்கு டிக்கெட் போட்டு வைத்திருப்போம். ஜூன் மூன்றாம் வாரத்துக்கும் நாலாம் வாரத்துக்கும் டிக்கெட் விலை எப்படி ஏறும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கடைசி மூன்று நாள் பள்ளிக்கு மட்டம் போடச் சொல்லிப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு விமானம் ஏறிய குடும்பங்களில் எங்கள் குடும்பமும் உண்டு. ஊரில் அம்மாவுக்கு எண்பது வயதாகிறது. அவரோடு இருக்கக் கிடைக்கும் ஒவ்வொரு நாளும் எனக்குப் பெரிது. ஆகவே அந்தக் கவலையை நான் சின்னதாக நினைக்கவில்லை. என் மறுப்பெல்லாம் அந்த இரண்டாவது கோரிக்கையில்தான்.

பனி நாளில் ஆன்லைன் வகுப்பு என்றால் என்ன என்பதை நாம் ஏற்கெனவே பார்த்திருக்கிறோம். 2021 பிப்ரவரி 1, திங்கட்கிழமை, உங்களுக்கு நினைவிருக்கும். ஞாயிற்றுக்கிழமை தொடங்கிய பனி நிற்கவே இல்லை. வடக்கே மவுண்ட் ஆர்லிங்டனில் 35 அங்குலத்துக்கு மேல் விழுந்தது அந்தப் புயலில்தான். பெருந்தொற்றுக் காலம் என்பதால் வகுப்புகள் ஏற்கெனவே வீட்டில் ஓடிக்கொண்டிருந்தன. வெளியே எவ்வளவு பனி விழுந்தாலும் எட்டரை மணிக்கு லாகின் செய்தாக வேண்டும். அப்போது முதல் வகுப்பில் இருந்த என் மகள் சாப்பாட்டு மேசையில் ஹெட்ஃபோன் மாட்டி உட்கார்ந்திருந்தாள். நான் அவளுக்குப் பின்னால் தோசை ஊற்றிக்கொண்டே திரையைப் பார்த்தேன். இருபது சின்னக் கட்டங்களில் இருபது பிள்ளைகள். ஒவ்வொரு முகமும் ஒவ்வொரு பக்கம் திரும்பியிருந்தது. அந்தந்த வீட்டில் ஜன்னல் எந்தப் பக்கமோ, அந்தப் பக்கம்.

டீச்சர் நல்லவர். அவர் வீட்டிலும் இரண்டு பிள்ளைகள் உண்டு. திரையின் ஓரத்தில் அவ்வப்போது ஒரு குட்டித் தலை எட்டிப் பார்க்கும். "எல்லாரும் இங்கே பாருங்கள்" என்று அவர் எத்தனை தடவை சொன்னாரோ தெரியாது. அன்று முழுக்க நடந்தது ஒரு பக்கம் கழித்தல் கணக்கும் ஒரு கதையும். மூன்று மணிக்கு மூடிவைத்துவிட்டு ஸ்னோ பேண்ட், பூட்ஸ், கையுறை, தொப்பி எல்லாம் தேடி மாட்டி வெளியே கால் வைக்கும்போது நாலு மணி ஆகிவிட்டது. ஐந்தே காலுக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும் மாதம் அது. அன்று எனக்கு வேறு வழி இருக்கவில்லை, நாடே அப்படி இருந்தது. அதே நாளை நாமாகக் கேட்டு வாங்கி, வருஷா வருஷம் பிள்ளைகளிடம் கொடுக்க வேண்டுமா?

நமக்குப் பக்கத்திலேயே ஒரு பெரிய உதாரணம் இருக்கிறது. ஆற்றுக்கு அந்தப் பக்கம், நியூயார்க் நகரப் பொதுப் பள்ளிகளில் இனி ஸ்னோ டே கிடையாது என்று அப்போதைய பள்ளித் துறைத் தலைவர் டேவிட் பேங்க்ஸ் 2022 செப்டம்பரில் அறிவித்தார். 2024 பிப்ரவரி 13 அன்று அது சோதனைக்கு வந்தது. ஒன்பது லட்சம் மாணவர்கள் படிக்கிற அமைப்பு. காலையில் எல்லாரும் ஒரே நேரத்தில் உள்ளே நுழையப் பார்த்ததில் லாகின் அமைப்பு திணறிவிட்டது. ஏராளமான பிள்ளைகளும் ஆசிரியர்களும் கணினி முன்னால் உட்கார்ந்தபடி வெளியே நின்றார்கள். கோளாறு நடந்ததை பேங்க்ஸே செய்தியாளர்களிடம் ஒப்புக்கொண்டார். அன்று சென்ட்ரல் பார்க்கில் விழுந்த பனி மூன்று அங்குலம் சொச்சம்.

லாகினைச் சரிசெய்துவிடலாம் என்பீர்கள். சரி, செய்துவிடலாம். எனக்கு அதில் சந்தேகமில்லை. நான் கேட்பது, லாகின் ஒழுங்காக வேலை செய்த பிறகு உள்ளே என்ன இருக்கிறது என்பதைத்தான். முந்தின நாள் சாயங்காலம் நாலு மணிக்குப் புயல் வரும் என்று தெரிந்து, ராத்திரி எட்டு மணிக்கு மின்னஞ்சல் வந்து, க்ரோம்புக் மடிக்கணினியைப் பள்ளியிலேயே வைத்துவிட்டு வந்த பிள்ளைக்கு அம்மாவின் போனைக் கொடுத்து, அவசரமாக ஒட்டுப்போட்ட பாடத்தை நாற்பது நாற்பது நிமிஷமாக நடத்துவதற்குப் பெயர் பள்ளி நாள் இல்லை. 180 என்ற எண்ணை நிரப்ப மட்டும்தான் அது உதவும். ஜூன் மாதத்தில் டீச்சர் எதிரே நின்று நடத்துகிற ஒரு முழு நாளை அதற்கு ஈடாகக் கொடுத்துவிடுகிறோம்.

நம் மாநிலத்தில் இந்த யோசனை புதிதும் இல்லை. 2014 பிப்ரவரியில் பெர்கன் கவுண்டியில் உள்ள பாஸ்கக் வேலி உயர்நிலைப் பள்ளி மாவட்டம், மாணவர்கள் எல்லாரிடமும் லேப்டாப் இருந்ததால், ஒரு பனி நாளில் வகுப்பை வீட்டிலிருந்தே நடத்திப் பார்த்தது. மாநிலக் கல்வித் துறை அதை 180 நாளில் சேர்க்க ஒப்புக்கொள்ளவில்லை. அது பெரிய பிள்ளைகள் படிக்கிற உயர்நிலைப் பள்ளி என்பதையும் கவனியுங்கள். பிறகு பெருந்தொற்று வந்தபோது, 2020 ஏப்ரலில், சட்டத்தில் ஒரு வழி திறந்தார்கள்: அறிவிக்கப்பட்ட அவசரநிலையால் தொடர்ந்து மூன்று பள்ளி நாளுக்கு மேல் மூட நேர்ந்தால் ஆன்லைன் வகுப்பைக் கணக்கில் சேர்க்கலாம். அதாவது உண்மையிலேயே நீண்டு போகிற ஆபத்துக்கு ஏற்பாடு ஏற்கெனவே இருக்கிறது. ஒற்றை நாள் பனிக்கு அதை இழுக்க வேண்டிய அவசியம் என்ன என்று எனக்குப் புரியவில்லை.

படிப்பு கெட்டுவிடும் என்ற பயம் இருக்கிறதே, அதற்கு வருகிறேன். ஏனென்றால் நம் வீடுகளில் மற்ற எல்லாவற்றையும் விட அந்தப் பயம்தான் பெரிது. ஜோஷுவா குட்மன் என்ற பொருளாதார ஆய்வாளர் 2014-இல் ஒரு ஆய்வு வெளியிட்டார். மாசசூசெட்ஸ் மாநிலத்துப் பள்ளிகளின் பல ஆண்டு விவரங்களை வைத்துச் செய்தது. அவர் கண்டது இது: பனிக்காகப் பள்ளி மொத்தமாக மூடிய நாட்களால் மாணவர்களின் மதிப்பெண்ணில் பாதிப்பு தெரியவில்லை. பள்ளி திறந்திருக்க, தனித்தனியாகப் பிள்ளைகள் வராமல் போன நாட்கள்தான் பாதித்தன. யோசித்துப் பார்த்தால் இது புரிகிற விஷயம்தான். எல்லாரும் ஒன்றாக நின்றால் டீச்சர் மறுநாள் விட்ட இடத்திலிருந்து தொடங்குகிறார். இன்று மூன்று பேர், நாளை வேறு நாலு பேர் என்று வராமல் போனால் யாருக்கு எது தெரியும், எது தெரியாது என்று அவர் திண்டாடுகிறார்.

இதை ஆன்லைன் நாளோடு பொருத்திப் பாருங்கள். அன்று ஒரு வீட்டில் மின்சாரம் இருக்காது, ஈரப் பனி கிளையை முறித்துக் கம்பிமேல் போட்டிருக்கும். இன்னொரு வீட்டில் மூன்று பிள்ளைகளுக்கு இரண்டு கணினி. வேறொரு வீட்டில் அம்மா நர்ஸ். பனி என்றாலும் புயல் என்றாலும் அவர் ஆறு மணிக்கு வண்டியைத் தோண்டி எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போயாக வேண்டும். வகுப்பில் பாதிப் பேர் இருப்பார்கள், பாதிப் பேர் இருக்கமாட்டார்கள். தனித்தனியாக வராமல் போகிற நாளின் கெடுதல் எல்லாம் இந்த நாளுக்கும் வந்து சேரும்.

அந்த நர்ஸ் அம்மாவைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். மனுவில் "வேலைக்குப் போகும் பெற்றோருக்கு ஆன்லைன் வகுப்பு உதவியாக இருக்கும்" என்று ஒரு வரி இருக்கிறது. வீட்டிலிருந்தபடியே ஐ.டி. வேலை பார்க்கிற நமக்கு அப்படித் தோன்றலாம். எனக்குத் தெரிந்த ஒரு தங்கை, ஆறு வயது மகனைப் பனி நாளில் எதிர்வீட்டு அக்காவிடம் விட்டுவிட்டுப் போவாள். அந்த அக்காவுக்கும் இரண்டு பிள்ளைகள். மூன்றும் ஒன்றாக விளையாடும், சாதம் போட்டால் சாப்பிடும், அவ்வளவுதான். இதே நாள் ஆன்லைன் நாளாக இருந்தால் அந்த அக்கா மூன்று பிள்ளைகளை மூன்று அறையில் உட்கார வைத்து, மூன்று லாகின் பார்த்து, "ஆன்ட்டி, சவுண்டு வரல" என்று கூப்பிடும்போதெல்லாம் ஓட வேண்டும். எந்த முகத்தோடு அவரிடம் போய்க் கேட்பது? பள்ளியில் இலவசமாகச் சாப்பிடுகிற பிள்ளைகளுக்கும், பள்ளியில் மட்டுமே பேச்சுப் பயிற்சி கிடைக்கிற பிள்ளைகளுக்கும் பனி நாள் இழப்புதான், மறுக்கவில்லை. ஆனால் மதியச் சாப்பாட்டைத் திரை வழியாக ஊட்டிவிட முடியாது.

இதுவரை சொன்னதெல்லாம் கணக்கு வழக்கு. எனக்கு முக்கியமானது இனிமேல்தான்.

நம் பிள்ளைகளின் வாரத்தை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். திங்கள் குமான் டியூஷன், செவ்வாய் நீச்சல், புதன் பாட்டு, வியாழன் செஸ், வெள்ளி மறுபடியும் குமான், சனிக்கிழமை பரதநாட்டியம், ஞாயிறு தமிழ்ப் பள்ளி. ஒவ்வொன்றும் நல்லதுதான். தமிழ்ப் பள்ளியில் நானே ஆறு வருஷமாக உயிர்மெய் எழுத்து சொல்லிக் கொடுக்கிறேன், அதை விடச் சொல்ல மாட்டேன். ஆனால் இந்தப் பிள்ளைகளுக்கு யாரும் திட்டம் போட்டுத் தராத ஒரு நாள் வருஷத்தில் எத்தனை கிடைக்கிறது? கோடை விடுமுறைக்குக்கூட மார்ச் மாதமே கேம்ப் பதிவு செய்துவிடுகிறோம். நாம் பணம் கட்டாமல், நாம் கூட்டிக்கொண்டு போகாமல், வானத்திலிருந்து தானாக விழுகிற நாள் இது ஒன்றுதான்.

நமக்கு அது கிடைத்தது. நான் சீர்காழிப் பக்கத்துப் பெண். கார்த்திகை மாதம் அடைமழை பிடித்தால் கலெக்டர் விடுமுறை விட்டாரா என்று வானொலிப் பக்கத்தில் காதை வைத்துக்கொண்டு உட்காருவோம். வானொலியில் சொன்னால் உண்டு. இல்லையென்றால் சாக்கைக் கொங்காணி போட்டுக்கொண்டு பள்ளிவரை நடந்து, அங்கே மணி அடித்துத் திருப்பி அனுப்பினால் வீடு வரை கத்திக்கொண்டே ஓடி வருவோம். அந்த நாளில் வாய்க்கால் கரையில் உட்கார்ந்து தண்ணீர் வரப்பை எங்கே அறுக்கிறது, எங்கே மண்ணைக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது என்று பார்த்ததுதான் பின்னாளில் என்னை சிவில் என்ஜினியரிங் படிக்க வைத்தது என்று நான் மனதார நம்புகிறேன். அதற்கு ஈடாகச் சனிக்கிழமை பள்ளி வைத்தார்கள், போனோம். யாரும் கெட்டுப்போகவில்லை. உங்களில் சென்னைக்காரர்களும் கடலூர்க்காரர்களும் இதைவிடப் பெரிய மழைக் கதைகளோடு வந்தவர்கள். தமிழ்ச் சங்கப் பொங்கல் விழாவில் நாம் ஒன்றுசேர்ந்தால் பத்து நிமிஷத்தில் பேச்சு அந்த மழை லீவுக்குத்தான் போகிறது, கவனித்திருக்கிறீர்களா?

என் பிள்ளைகளின் கதை வேறு மாதிரி. இரண்டு வருஷம் முன்னால் ஒரு ஸ்னோ டே. அதற்கு முந்தின ராத்திரி மகன் பைஜாமாவை உள்பக்கம் வெளியே தெரியப் போட்டுக்கொண்டு, தலையணைக்கு அடியில் ஒரு கரண்டியை வைத்துவிட்டு, கழிப்பறையில் ஐஸ் கட்டிகளைப் போட்டுத் தண்ணீரைத் திறந்துவிட்டான். இப்படிச் செய்தால் மறுநாள் பள்ளி மூடும் என்பது இந்த நாட்டுப் பிள்ளைகளின் நம்பிக்கை. நாம் யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, வகுப்புத் தோழர்களிடமிருந்து வந்தது. காலை ஐந்தரைக்குப் பள்ளி மாவட்டத்திலிருந்து போன் வந்தது. நான் போனை வைப்பதற்குள் மாடியில் இரண்டு பேரும் குதிக்கிற சத்தம்.

ஒன்பது மணிக்குச் சமையலறையில் இட்லித் தட்டைக் காணோம். வெளியே எட்டிப் பார்த்தால், அக்காவும் தம்பியும் டெக்கில் மண்டியிட்டு, தட்டுக் குழிகளில் பனியை அடைத்துக் கவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். கைப்பிடிக் கட்டையில் வரிசையாகப் பனி இட்லி. முதலில் மேலே கிடந்த தூள் பனியை எடுத்திருக்கிறார்கள். அது பிடிக்கவில்லை, உதிர்ந்துபோயிற்று. அப்புறம் வெயில் பட்டு லேசாக இளகிய ஓரத்தில் அள்ளினால் இறுகிப் பிடிக்கிறது என்று அவர்களாகவே கண்டுபிடித்திருக்கிறார்கள். பக்கத்து வீட்டு கொரியப் பிள்ளைகள் இரண்டு பேர் வேலியைத் தாண்டி வந்து கியூவில் நின்றார்கள். மஞ்சள்தூள் கேட்டு வந்தபோது கொடுத்தேன். சாம்பார் நிறத்துக்காம். மத்தியானம் வரை ஒருவரும் உள்ளே வரவில்லை. அப்புறம் மகன் மண்வாரியை எடுத்துக்கொண்டு மூலை வீட்டுப் பாட்டியின் நடைபாதையை ஒதுக்கிவிட்டு, ஐந்து டாலரோடு வந்தான். அதைச் செலவு பண்ணாமல் இன்னும் வைத்திருக்கிறான்.

மண்வாரி என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. 2015 ஜனவரியில் நம் மாநிலத்துப் பவுண்ட் புரூக் ஊரில் இரண்டு உயர்நிலைப் பள்ளிப் பையன்கள் வீடு வீடாகப் போய்ப் பனி அள்ளித் தருகிறோம் என்று துண்டுச்சீட்டு கொடுத்தபோது, அனுமதி இல்லாமல் வீடு வீடாகப் போகக்கூடாது என்று போலீஸ் நிறுத்திவிட்டது. ஊரே அதைப் பற்றிப் பேசியது. மறு ஆண்டு நியூஜெர்சி சட்டமன்றம் ஒரு சட்டமே போட்டது. புயல் வருவதற்கு முந்தின 24 மணி நேரத்துக்குள் பனி அள்ளித் தருகிறோம் என்று வீடு வீடாகச் சொல்ல யாரிடமும் அனுமதி வாங்க வேண்டியதில்லை. பனி நாளில் ஒரு பையன் மண்வாரியோடு தெருவில் நிற்பதைக் காப்பாற்ற வேண்டும் என்று இந்த மாநிலம் நினைத்திருக்கிறது. அதே சட்டமன்றத்திடம் போய் அவனை உள்ளே கூப்பிட்டுத் திரை முன் உட்கார வையுங்கள் என்று நாம் கேட்கப் போகிறோம்.

2020 டிசம்பரில், பள்ளிகளெல்லாம் ஏற்கெனவே ஆன்லைனில் இருந்த நேரம், மேற்கு வர்ஜீனியாவின் ஜெபர்சன் கவுண்டியில் கண்காணிப்பாளர் பாண்டி ஷே கிப்சன் பனிக்காக ஆன்லைன் வகுப்பையும் சேர்த்து முழுதாக மூடினார். போய்ப் பனிமனிதன் செய்யுங்கள் என்கிற மாதிரி பெற்றோருக்கு அவர் எழுதிய கடிதம் நாடு முழுக்கச் சுற்றியது. எந்தப் பாடத்தை எப்போது நடத்திக்கொள்ளலாம் என்று தெரிந்த கல்வி அதிகாரி ஒருவரின் முடிவு அது. நம் மாநிலத்தில் மாவா என்ற ஊரிலும் அந்த ஆண்டு இதே முடிவை எடுத்தார்கள்.

கடைசியாக ஒன்று, இதை உங்களிடம் மட்டும்தான் சொல்ல முடியும். தீபாவளிக்குப் பள்ளி விடுமுறை கேட்டு நாம் கல்வி வாரியக் கூட்டத்தில் வரிசையில் நின்றோமே, ஞாபகம் இருக்கிறதா? எடிசன் போன்ற ஊர்களில் தீபாவளிக்கு விடுமுறை இருக்கிறது, நமக்கும் வேண்டும் என்று ஆளுக்கு மூன்று நிமிஷம் பேசினோம். "ஒரு நாள் பாடம் போனால் போகட்டும், பிள்ளைகள் அந்த நாளை வாழ்நாள் முழுக்க நினைத்திருப்பார்கள்" என்று நம் அண்ணன் ஒருவர் பேசியபோது எனக்குக் கண் கலங்கியது. நாட்காட்டியில் நம் பண்டிகைக்கு இடம் கேட்டபோது நமக்கு அந்த ஒரு நாள் பாடம் பெரிதாகத் தெரியவில்லை. இந்த ஊர்ப் பிள்ளைகள் அத்தனை பேருக்கும், மதம் மொழி பார்க்காமல், பொதுவாக வருகிற பண்டிகை பனிதான். நாம் கேட்டது நமக்குக் கிடைத்துவிட்டது. அதற்குப் பிறகு 180 நாள் இடிக்கிறது என்று சொல்லி இதைக் கேட்டுப் பறித்தால் நம் பிள்ளைகளின் தோழர்கள் நம்மைப் பற்றி என்ன நினைப்பார்கள்?

ஆகவே என் வேண்டுகோள் இது. டிக்கெட் பிரச்சினைக்கு நேராகவே தீர்வு கேட்போம். பனிக்கென்று ஒதுக்கும் நாட்களை மூன்றிலிருந்து ஐந்தாக்கச் சொல்வோம். முதலில் எந்த விடுமுறை நாள் போகும், அடுத்து எது, ஜூன் எதுவரை நீளலாம் என்ற வரிசையை ஆகஸ்டிலேயே அச்சடித்துத் தரச் சொல்வோம். ஒதுக்கிய நாளைப் பயன்படுத்தாவிட்டால் மே மாதக் கடைசியில் வருகிற மெமோரியல் டே விடுமுறையை ஒட்டித் திருப்பித் தரட்டும், நிறைய மாவட்டங்கள் அப்படித்தான் செய்கின்றன. இதையெல்லாம் செய்யச் சட்டத்தை மாற்ற வேண்டியதில்லை, நம் வாரியமே செய்யலாம்.

மனுவிலிருந்து இரண்டாவது கோரிக்கையை எடுத்துவிடுங்கள். எடுத்த அன்றே என் கையெழுத்தும் வீட்டுக்காரர் கையெழுத்தும் வந்து சேரும். எடுக்க மனமில்லை என்றால், அடுத்த மாதக் கூட்டத்தில் பொதுமக்கள் பேசும் நேரத்தில் நானும் என் மூன்று நிமிஷத்துக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன். உங்களுக்கு முன்னாலேயே தெரிய வேண்டும் என்பதால் சொல்கிறேன். மகளும் பேச வேண்டுமாம். அவளுக்கும் பெயர் கொடுத்திருக்கிறேன்.

அன்புடன்,
உங்களில் ஒருத்தி,
மிடில்செக்ஸ் கவுண்டி, நியூஜெர்சி